போர்மேன் வீட்டுக் கன்னி

எங்கள் வீட்டில் ஒவ்வொரு தை மாதமும் ஒரு பாவாடை எடுப்பார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கான அளவு. என் அப்பாவின் அக்கா பொன்னுத்தங்கத்துக்கு அது. சின்ன வயதில் அம்மை போட்டு இறந்துபோய், எங்கள் வீட்டுக்குக் கன்னித் தெய்வம் ஆனவள். பாவாடை, சட்டை, ரிப்பன், கண்ணாடி வளையல், பவுடர் டப்பா எல்லாவற்றையும் ஓலைப்பெட்டியில் வைத்துக் கும்பிடுவோம். மறு வருடம் அந்தப் பழைய பாவாடையை வீட்டில் வயதுக்கு வராத பெண் உடுத்திக்கொள்ளும். நானும் உடுத்தியிருக்கிறேன்.

இந்த வருடம் பெரியப்பா பாண்டிச்செல்வத்துக்கு ஓலைப்பெட்டி போதவில்லை. பீடம் கட்டிக் கல் வைத்தே தீருவேன் என்று நின்றார். கல் காளிராஜ் அண்ணாச்சியின் உபயம். எங்கள் தாத்தா சின்னச்சாமி இருபத்தெட்டு வருடம் போர்மேனாக இருந்த பட்டாசுக் கம்பெனியின் இன்றைய முதலாளி அவர். தாத்தா செத்துப் பல வருடம் ஆகியும் ஊரில் எங்கள் வீட்டுக்குப் போர்மேன் வீடு என்றுதான் பெயர்.

"கல்லுல பொறந்த தேதி, செத்த தேதி, வயசு மூணும் இருக்கணும் ரோஜா. நீதான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கேல்ல. சென்சஸ்ல தட்டிப் பாரு, இருக்கும்" என்றார் பெரியப்பா.

நான் தாயில்பட்டியில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பிறப்பு, இறப்பு, சாதி, வருமானம் என்று இந்த வட்டாரத்தின் காகிதம் முழுக்க என் கை வழியாகத்தான் போகிறது. வயதைக் கூட்டித் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. போன மாதம் கருப்பம்மாள் வந்தாள். மகள் சினேகாவுக்குப் பதினாலு வயது. கம்பெனியில் பதினெட்டு கேட்கிறார்கள் என்றாள். ஆதாரை ஸ்கேன் செய்து, பிறந்த வருடத்தை மட்டும் மாற்றி, ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அசல் அப்படியேதானே இருக்கிறது, வெறும் ஜெராக்ஸ்தானே. ஐந்து நிமிட வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

சென்சஸில் யார் பெயரும் கிடைக்காது, தலை எண்ணிக்கைதான் கிடைக்கும் என்று சொன்னால் பெரியப்பாவுக்கு விளங்காது. அவருக்காகவே பழைய புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். 1971-இல் எங்கள் ஊரில் பெண்கள் 438 பேர். அந்த நானூற்று முப்பத்தெட்டில் ஒன்று அத்தை. அரசாங்கத்துக்கு அவளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்து அட்மிஷன் பதிவேட்டில் அவள் கிடைத்தாள். பொன்னுத்தங்கம், த/பெ சின்னச்சாமி, பிறந்தது 1967 ஆனி மாதம். நாலாம் வகுப்பில் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் 'நீண்ட நாள் வரவில்லை' என்று எழுதியிருந்தார்கள். அம்மை என்றால் அம்மை என்று எழுதியிருப்பார்களே என்று அப்போதே உறுத்தியது.

இறப்புப் பதிவேட்டைப் பார்க்கத் தாலுகா ஆபீசுக்கு மூன்று நாள் நடந்தேன். தொட்டால் பொடியாகிற காகிதம், பூச்சி அரித்த ஓரம். 1976 புரட்டாசியில் ஒரே பக்கத்தில் ஐந்து பெண்கள். ஐந்து பேருக்கும் ஒரே தேதி, ஒரே காரணம், தீக்காயம். இடம், தாத்தாவின் கம்பெனி. நாலாவது வரியில் என் அத்தை. வயது 19.

ஒன்பதுக்கு முன்னால் இருந்த ஒன்று வேறு மையில் இருந்தது. இடம் இல்லாமல் கோட்டில் இடித்துக்கொண்டு நின்றது. மற்ற நாலு வரிகளிலும் அதே மையில் அதே ஒன்று. அத்தையின் வரியில் தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் தாத்தாவின் கையெழுத்து. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பார்த்த அதே கையெழுத்து, கடைசி எழுத்தைச் சுழித்து அடியில் கோடு போட்டது. ஊரிலேயே கையெழுத்துப் போடத் தெரிந்தவர் என்று அவரைப் பற்றி எங்களுக்கு அவ்வளவு பெருமை. மகள் கருகிக் கிடக்கும்போதும் அந்தச் சுழியை அவர் விடவில்லை. அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கம்பெனி கொடுத்த சர்வீஸ் சான்றிதழ் பத்திரமாக இருந்தது. அதன்படி, முதலில் அவர் லோடு ஏற்றும் கூலி ஆள். போர்மேன் ஆனது அத்தை செத்து இருபத்து மூன்றாம் நாள்.

அந்தப் போர்மேன் வேலையில்தான் இந்த வீடு எழும்பியது. அப்பா செல்லப்பாண்டி பத்தாவது படித்தார். நான் காலேஜ் போனேன்.

அன்று சாயங்காலம் பதிவேட்டு நகல், சான்றிதழ் இரண்டையும் பெரியப்பா முன்னால் வைத்தேன். அத்தை செத்த வருடம் அவருக்குப் பதின்மூன்று வயது. அவர் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"வெடிமருந்து கலக்குத செட்டுல தீ. எனக்குத் தெரியும்" என்றார்.

"அப்போ அம்மைன்னு சொன்னது?"

"அம்மைன்னா சாமி ஆயிருவா. ஒம்பது வயசுல வெடியில செத்தான்னா கேஸு. சின்னப் புள்ளைகள வேலைக்கு வச்சிருந்தாகன்னு கம்பெனிய மூடிருந்தா ஊரே பட்டினி கெடந்திருக்கும். அன்னைக்கு அஞ்சு வீட்டுலயும் வயசக் கூட்டித்தான் எழுதுனாக."

"அஞ்சு வீட்டுலயும் போர்மேன் ஆனாகளா?"

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்களுக்கும் தெரியுமா என்று கேட்டேன். "பெரியாளானப்பொறம் தெரியும்" என்றார். தெரிந்துகொண்டே இந்த மனிதர் வருடா வருடம் கடையில் நின்று, இந்தப் பச்சை வேண்டாம், அந்த ரோஸ் காட்டுங்க என்று பாவாடை பார்த்திருக்கிறார். தெரிந்துகொண்டே எனக்கும் உடுத்திவிட்டிருக்கிறார். சுவரில் தாத்தா படத்துக்கு மாலை போட்டிருந்தது.

"இப்ப என்ன செய்யச் சொல்லுத?" என்றார் பெரியப்பா. "கல்லு அண்ணாச்சி தாராக. தெறப்புக்கும் அவுகதான் வாராக. ஆபீஸ் புக்குல உள்ளபடி பத்தொம்பதுன்னு போட்டுரு. நாளைக்கு ஒருத்தன் கல்லப் பாத்துக் கேள்வி கேக்கக் கூடாது."

"அப்போ பாவாடை எதுக்கு? பத்தொம்பது வயசுக்காரிக்குச் சேலையில்ல எடுக்கணும்?"

"வாய மூடு தாயி" என்றார் அப்பா.

மறுநாள் காலை கல் வெட்டுகிறவர் போனில் வயதைக் கேட்டார். பத்து நிமிடத்தில் சொல்வதாகச் சொல்லி வைத்தேன். ஒன்பது என்று சொன்னால் காளிராஜ் முன்னால் அப்பாவும் பெரியப்பாவும் தலை குனிய வேண்டும். பத்தொன்பது என்றால் அத்தையை நானும் ஒரு தடவை கொளுத்தியது போல. அந்த நேரத்தில்தான் கருப்பம்மாள் மையத்துக்குள் வந்தாள்.

"தாயி, அந்த ஜெராக்ஸு இன்னொண்ணு போட்டுக் குடு. முந்தி குடுத்தத தொலச்சிட்டாகளாம். சீசன்ல ஆர்டரு நெருக்குது, பேப்பரு இல்லாம நாளைக்கு உள்ள விட மாட்டோம்னு சொல்லுதாக."

"சினேகா எங்க?"

"வேலைக்குத்தான். மருந்து செட்டுப் பக்கம் போட்டிருக்காக, கூலி கூடவாம்."

கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தேன். சினேகா, பிறந்த தேதி 14.06.2007. அந்த 07 என் கை போட்டது. மற்ற எண்களோடு ஒட்டாமல் ஒரு மயிரிழை மேலே தூக்கி நின்றது. எந்தக் கம்பெனி என்று நான் அன்று கேட்கவே இல்லை. இப்போது கேட்டேன்.

"உங்க தாத்தா இருந்தாகள்ல, அந்தக் கம்பெனிதான்" என்றாள் கருப்பம்மாள். பிறகு மேசையில் இரண்டு வாழைப்பழத்தை வைத்துவிட்டு மனதாரச் சொன்னாள். "நல்லா இரு தாயி. போர்மேன் பேத்தில்லா, எங்க கஷ்டம் ஒனக்குத் தெரியுது. அவுகளும் இப்படித்தான், நாலு எழுத்து எழுதி ஊருக்கே ஒதவுனாக."

நேற்று முழுக்கத் தாத்தாவை நினைத்துக் காறித் துப்பியவள் நான். இப்போது என் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை. அவருக்காவது ஒரு வேலை கொடுத்தார்கள். நான் அறுபது ரூபாய் வாங்கினேன்.

கோப்பை அழித்தேன். அசல் ஆதாரைக் கேட்டு வாங்கி ஜெராக்ஸ் எடுத்தேன். 14.06.2011.

"இத வச்சா புள்ளைய வெளிய அனுப்பிருவாகளே. என் வீட்டு அடுப்ப யாரு பத்தவைப்பா?" என்றாள் கருப்பம்மாள். ஜெராக்ஸை அவள் கையில் வைத்தேன்.

கல் வெட்டுகிறவரைக் கூப்பிட்டேன். "வயசு ஒம்பது. மருந்து செட்டுத் தீயில் இறந்தாள்னு வெட்டுங்க. உபயம்னு ஒரு வரி இருக்குல்ல, அத எடுத்துருங்க."

பிறகு மையத்தைப் பூட்டிவிட்டு, திட்டிக்கொண்டே வந்த கருப்பம்மாளை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு, சினேகாவைக் கூட்டிவரக் கம்பெனிக்குக் கிளம்பினேன்.