றஸ்னாவின் பசி

மாவடிப்பள்ளியில் ஒரு கலியாண வீடு. ஐந்தாறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சகன் தட்டு ஒன்று காலியானதும், றஸ்னா அடுத்த சகனில் கைபோட்டு இறைச்சியை அள்ளினாள். சுபைறா மகளை எல்லோர் முன்னாலும் அடித்தாள். நான்கு வயதுப் பிள்ளை. எடை முப்பத்தொன்பது கிலோ. அழுதபடியே வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

ஆண்கள் பக்கத்தில் இருந்த தகப்பன் பளீலின் காதுக்கும் கதை போய்ச் சேர்ந்தது. "நீ ஊட்டி ஊட்டித்தான் புள்ள இப்பிடி ஆகிட்டா," என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். கொடுக்காவிட்டால் மகள் ஊறப்போட்ட அரிசியையும் அள்ளித் தின்பாள் என்பதை சுபைறா யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த மாதம் கல்முனையில் பிள்ளையைப் பார்த்த டொக்டர் சிவரூபினி, அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"ஓம் டொக்டர். இவர் என்ட மாமிட மகன்."

இரத்தம் பரிசோதனைக்கு வெளிநாட்டுக்குப் போய் முடிவு வர ஆறு வாரமானது.

"கொழுப்பு சும்மா சேர்ந்து கிடக்கிற சாமான் இல்ல," என்றார் டொக்டர். "அதில இருந்து லெப்டின் என்டு ஒரு புரதம் சுரந்து இரத்தத்தில போகும். உடம்பில எவ்வளவு சேமிப்பு இருக்கு என்டு மூளை அதை வச்சித்தான் அறியும். உங்கட மகளுக்கு அது சுரக்கல்ல. தாய், தகப்பன் ரெண்டு பேரிட்ட இருந்தும் வந்த குறை. எவ்வளவு திண்டாலும், அவட மூளைக்கு அவ பட்டினி கிடக்கிற புள்ள."

பளீல் தலை குனிந்தான்.

"பட்டினி கிடந்த புள்ளைக்கா நான் அடிச்ச," என்றாள் சுபைறா.

"உங்களுக்குத் தெரியாதே. மருந்து இருக்கு, இங்க இல்ல. மருந்துக் கொம்பனிக்கு எழுதிக் கேக்கிறன்."

ஒன்பது மாதம் சென்றது. எடை ஐம்பதைத் தொட்டது. பசித்தழும் பிள்ளையை மடியில் வைத்து வெள்ளரிக்காய் வெட்டிக் கொடுப்பதைத் தவிர சுபைறாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடிக்க மட்டும் கை எழவில்லை.

மருந்து வந்ததும் தினமும் ஊசி போடப் பழகியவன் பளீல்தான். இரண்டாம் வாரத்தில் ஒரு பகல், சோறு பாதியிருக்க றஸ்னா எழுந்தாள்.

"ஏன் மகள், கறி உறைப்பா?"

"இல்ல உம்மா. விளையாடப் போறன்."

லுஹர் தொழுதுவிட்டு வந்த பளீல், மிச்சச் சோற்றின் முன் மனைவி இருப்பதைக் கண்டான். கேட்காமலே விளங்கியது. பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உன்னக் குறை சொல்லியிருக்கப்படா, புள்ள."

"ஓம்," என்றாள் அவள்.

ஓராண்டில் எடை நாற்பதுக்கு இறங்கியது. ஊசி ஆயுள் முழுக்க வேண்டும். மருந்து வரத் தாமதமாகும் நாட்களில், இருவரும் தங்கள் சோற்றை மறந்து மகள் உண்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.