எருமை கட்டிய ஆக்ஸில்

கருத்தக்கண்ணனின் ஜீப் முன்னால் போகச் சொன்னால் பின்னால் போன கதையை அவனியாபுரத்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மெக்கானிக் சங்கிலியின் பட்டறைக்கு நேர் எதிர் வீடு என்னுடையது. கண்ணால் பார்த்தவள் நான். போதாததற்கு என் எருமைக்கும் இதில் பங்கு உண்டு. அதனால் சொல்கிற பாத்தியதை எனக்குத்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அது. கருத்தக்கண்ணனிடம் இருந்தது பழைய ஜீப். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று அவனுக்கு அப்படி ஒரு பெருமை. பழங்காநத்தத்திலிருந்து ஆள் ஏற்றி வந்தால் உள்ளே பதினாலு பேர், பின்னால் தொங்குகிறவர்கள் ஆறு பேர், முன்மூடி மேல் ரெண்டு பேர், எல்லார் மடியிலும் கோழியும் கூடையும். அந்தப் பாரத்துக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பின்சக்கரம் ரெண்டையும் தாங்குகிற ஆக்ஸிலுக்குள் ஓடுகிற ஷாஃப்ட் பட்டென்று முறியும். வண்டி நடுரோட்டில் உட்காரும். கோழிகள் மட்டும் ஊர் வந்து சேரும்.

அவன் பெண்டாட்டி அன்னக்கொடி ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டாள். இன்னும் ஒரு தடவை முறிந்தால் ஜீப்பை விற்றுவிட வேண்டும், வாடிப்பட்டியில் அவள் அண்ணன் தோட்டத்துக்குப் போய்ப் பிழைக்க வேண்டும். மச்சான் சொன்ன வேலையைச் செய்துகொண்டு மச்சான் வீட்டில் சாப்பிடுவது என்றால் கருத்தக்கண்ணனுக்குத் தூக்கில் தொங்குவது மாதிரி.

அந்த நேரத்தில்தான் நிலத்தடித் தண்ணீர் பார்க்கிற ஆபீஸில் வருஷ வாடகைக்கு ஜீப் கேட்கிறார்கள் என்று சேதி வந்தது. கல்யாணராமன் என்று ஒரு அதிகாரி, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பட்டறைக்கே வந்து வண்டியைப் பார்ப்பதாக ஏற்பாடு. கிடைத்தால் ஜீப் தங்கும். இல்லையென்றால் வாடிப்பட்டி.

கவர்மெண்டு வேலை என்றால் குழாயும் இரும்பும் டன் கணக்கில் ஏற்றுவார்கள், இந்த ஆக்ஸில் தாங்காது என்று கருத்தக்கண்ணன் தானாகவே தீர்மானித்துவிட்டான். ஆபீஸில் யாரையாவது கேட்டானா என்றால், இல்லை. சங்கிலியும் கேட்கச் சொல்லவில்லை. எங்கேயோ உடைப்புக்குப் போட்டிருந்த மிலிட்டரி லாரியிலிருந்து ஒரு ஆக்ஸிலை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான் சங்கிலி. நாலு பேர் இறக்கினார்கள். இறக்கியவர்களில் ஒருவன் ரெண்டு நாள் நிமிரவில்லை.

பழைய ஆக்ஸிலின் உள்சாமான்களை உருவிச் சங்கிலி ஒரு மண்ணெண்ணெய் டின்னில் போட்டு வைத்தான். வெளிக்கூடு சும்மாதானே கிடக்கிறது என்று நான் கேட்டேன். ரெண்டு பக்கமும் இரும்புக் குழாய், இடையில் பானை மாதிரி ஒரு வீக்கம். நட்டுவைத்து எருமையைக் கட்டினால் கயிறு அந்த வயிற்றைத் தாண்டி மேலே உருவாது. எடுத்துக்கிடுங்க என்றான். அன்றைக்கே குழி தோண்டி, கல் போட்டு இறுக்கி நட்டுவிட்டேன். தெருவில் வேறு எந்த எருமைக்கும் அம்புட்டு மரியாதை கிடையாது.

புது ஆக்ஸிலில் ஒரு சிக்கல் வந்தது. என்ஜினிலிருந்து வருகிற ஷாஃப்ட் ஜீப்பில் வலப்பக்கமாக வருகிறது. இந்தப் பானையில் அதைச் சொருகுகிற வாயோ இடப்பக்கம் இருந்தது. சங்கிலி ஒரு பீடி முடிகிற வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஆக்ஸிலை அப்படியே மேல் கீழாகப் புரட்டிப் போட்டான். வாய் வலப்பக்கம் வந்துவிட்டது. என்ன மூளை இவனுக்கு என்று நானே தெருவெல்லாம் சொன்னேன். அதை இப்போது யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் தடவையாக வண்டியைக் கிளப்பினார்கள். கருத்தக்கண்ணன் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, ஃபர்ஸ்ட் கியரைப் போட்டான். வண்டி பின்னால் போய்ச் சங்கிலியின் தண்ணீர்த் தொட்டியில் இடித்தது. கியர் தவறிவிட்டது என்றான். மறுபடியும் ஃபர்ஸ்ட். மறுபடியும் தொட்டி. செகண்ட் போட்டான், இன்னும் வேகமாகத் தொட்டி. எலுமிச்சம்பழம் மட்டும் நசுங்காமல் முன்னால் கிடந்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. கியர் பெட்டியில் பேய் என்று ஒருத்தர், மிலிட்டரி இரும்பு பின்வாங்கிப் பழகியது என்று ஒருத்தர். எனக்கும் சும்மா இருக்க முடியவில்லை. "நாலு சக்கரமும் இழுக்கும்பியே, முன்சக்கரத்தையும் சேத்து விட்டுப் பாரேன்" என்றேன். அவனும் அதற்கென்று இருக்கிற சின்ன லீவரை இழுத்துவிட்டு கிளட்சை விட்டான். முன்சக்கரம் முன்னால் சுற்றியது, பின்சக்கரம் பின்னால் சுற்றியது. வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு மண்ணைப் பறித்தது. ரெண்டு பக்கமும் ஆள் பிடித்து இழுக்கிற மாதிரி.

சங்கிலி வண்டிக்கடியில் படுத்தான். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. "அண்ணே, எண்ணெய் ஊத்துற நட்டு அடியில இருக்கு. புரட்டிப் போட்டதுல உள்ள பல்லும் எதிர்ப்பக்கமா சுத்துது" என்றான்.

"அப்ப ரிவர்ஸ் போட்டா?" என்றான் கருத்தக்கண்ணன்.

"முன்னாடி போவும். அது ஒண்ணுதான் முன்னாடி போவும்."

புரட்டினால் ஏன் எதிராகச் சுற்ற வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. சங்கிலி ஒரு செம்பைக் கவிழ்த்து வைத்து விளக்கினான். செம்பு மட்டும் விளங்கியது.

கழற்றி மாட்ட நேரமில்லை. ஒன்பதே காலுக்கே கல்யாணராமன் வந்து நின்றார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் தோல்பை. கண்மாய்க் கரையில் ஏற்றிக் காட்டச் சொன்னார். கருத்தக்கண்ணன் அவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ரிவர்ஸைப் போட்டான். வண்டி முன்னால் கிளம்பிற்று. எருமைக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் நானும் ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். எருமை ரெண்டு தடவை ஜீப்பை முந்தியது.

கரையில் மட்டும் அது ஏறினதைப் பார்த்திருக்க வேண்டும். ரிவர்ஸ் கியருக்கு இழுவை ஜாஸ்தியாம். உர்ரென்று ஒரே மூச்சில் ஏறிவிட்டது. கல்யாணராமன் நல்ல இழுவை என்றார். கருத்தக்கண்ணன் முகத்தில் வாடிப்பட்டி ரோடு மறைந்துபோனது. அதற்குள் அவர், முன்சக்கரத்தையும் சேர்த்து ஓட்டிக் காட்டும்படி கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் எருமையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் லீவரை இழுத்தான். வண்டி கரைமேல் நின்று உறுமி, குலுங்கி, ரெண்டு முழம் புழுதியைக் கிளப்பிவிட்டு அணைந்தது. கல்யாணராமன் இறங்கிக் கண்ணாடியைத் துடைத்தார். குனிந்து அடியில் பார்த்தார். கியர்த் தடியைப் பார்த்தார்.

"ஏன்பா, நான் இம்புட்டு நேரமும் ரிவர்ஸ்லயா வந்தேன்?"

கருத்தக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். குழாய் ஏற்றணுமே என்று பலமான ஆக்ஸில் போட்டது, வாய் இடப்பக்கம் இருந்தது, புரட்டியது, வாடிப்பட்டி, மச்சான், எல்லாம். அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். சிரிக்கிறாரா கோபமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, இத்தனைக்கும் மூணடி தூரத்தில்தான் நின்றேன்.

"குழாயெல்லாம் லாரியில போகும்ப்பா. உன் வண்டியில நான், ரெண்டு ஆள், ஒரு கருவிப்பெட்டி. இதுக்கு எதுக்கு இந்த ஆக்ஸில்?"

கருத்தக்கண்ணன் திரும்பிப் பட்டறை இருக்கிற திசையைப் பார்த்தான்.

"பழசு நல்லாத்தானே இருந்துச்சு?"

"இருபத்திரண்டு பேரை ஏத்தினாத்தான் சார் முறியும்."

"அதையே மாட்டு. புது ஷாஃப்ட் போட்டு வெள்ளிக்கிழமை ஆபீசுக்குக் கொண்டுவா. முன்பக்கமா வந்தா எடுத்துக்கறேன்" என்றவர், திரும்பிப் போவதற்கு ஜீப்பில் ஏறவில்லை. நடந்தே போய் பஸ் பிடித்தார்.

நான் எருமையை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது வாசலில் மூணு பேர் நின்றார்கள். சங்கிலி கையில் கடப்பாரை. கருத்தக்கண்ணன் கையில் மண்வெட்டி. அன்னக்கொடி வெறுங்கையோடு வந்திருந்தாள். என்னைச் சமாதானம் செய்ய.

"அக்கா, அந்தக் கட்டுத்தறியக் கொஞ்சம்..." என்றாள்.

நட்டது நான் அல்லவா, லேசில் வரவில்லை. தோண்டி எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளே ஒரு ஓணான் குடித்தனம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஜீப் தெருவைத் தாண்டிப் போகிறதா என்று வாசலில் நின்று பார்த்தேன். முன்பக்கமாகத்தான் போயிற்று. மூணு கியரும் மாறின சத்தத்தை எண்ணிக்கொண்டேன். அன்னக்கொடி வாடிப்பட்டிக்குக் கட்டி வைத்திருந்த மூட்டையைச் சாயங்காலம் அவிழ்த்துவிட்டாள்.

மிலிட்டரி ஆக்ஸில் இப்போது என் வாசலில் இருக்கிறது. நாலு பேர் வந்து நட்டுக் கொடுத்தார்கள். எருமை புதுத் தறியை நாலு நாள் சுற்றிச் சுற்றி வந்தது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று அதற்கும் பிடிபடவில்லை போலிருக்கிறது.