அஞ்சு நிமிஷத்தார் வீடு நின்ற இடங்கள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். அரைச் சொல் கூட்டிச் சொன்னதாக யாராவது நிரூபித்தால், சொன்ன வாய் அன்று முதல் சாப்பிட மட்டும்தான் திறக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஒரு பிளம்பரின் வீடு, தான் நின்ற தெருவை விட்டு, எட்டுத் தெரு தள்ளி இருக்கும் பல் டாக்டரம்மாவின் தெரு முனையில் போய் நின்றது. அடுப்பிலிருந்த பால் பொங்கவில்லை. சுவரிலிருந்த பல்லி நகரவில்லை. மேசை மேல் டம்ளரில் இருந்த தண்ணீர் மட்டும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து பிறகு சமமானது. முனையில் ஸ்கூட்டர் நிறுத்தும் காலி இடம் வீட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

பிளம்பருக்கு ஊரில் அஞ்சு நிமிஷம் என்று பெயர். மரியாதை தெரிந்தவர்கள் அஞ்சு நிமிஷத்தார் என்பார்கள். கைவேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது, எந்தக் குழாயும் அவர் கை பட்டால் வாயை மூடிக்கொள்ளும். அவருடைய வாய்தான் மூடாது. ஒழுகும் வீட்டுக்காரர்கள் செல்லில் கூப்பிட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், படுக்கையில் புரண்டபடியே, “உங்க தெரு முனைக்கு வந்துட்டேன், அஞ்சு நிமிஷம்” என்பார். பதினெட்டு வருஷம் சொல்லிச் சொல்லி, அது பொய் என்ற ஞாபகமே அவருக்கு விட்டுப் போயிருந்தது. இருமல் மாதிரி தானாக வரும். அவர் மனைவியோ பத்திரப் பதிவு அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர். நாள் முழுக்க அடுத்தவர் நிலத்துக்கு நாலெல்லை அடித்துக் கொடுப்பார்: கிழக்கே இன்னார் வீடு, மேற்கே பொதுச் சந்து, வடக்கே கிணறு, தெற்கே தார் ரோடு. நாலு பக்கமும் சொல்ல முடியாத பொருள் உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. இப்படிப்பட்டவர் அப்படிப்பட்டவரோடு எப்படிக் குடும்பம் நடத்தினார் என்பதற்கு இதுவரை யாரும் விளக்கம் தந்ததில்லை.

அந்த வீட்டில் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, குளியலறை ஜன்னல் விளிம்பு. மணி அடித்தால் அடுப்படியிலிருந்து ஒருவர், ஹாலிலிருந்து ஒருவர் என்று ஓடுவார்கள். உள்ளே யாராவது குளித்துக்கொண்டிருந்தால் போச்சு. ஹால், படுக்கையறை, அடுப்படி என்று மூன்று பழைய வீட்டுப் போன்கள், இணைப்பு அறுந்து ஒன்பது வருஷமாகத் தூசி தின்றுகொண்டிருந்தன. மனைவி எங்கோ விசாரித்து ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தார். செல்லை ஜன்னலிலேயே விட்டுவிட்டு அதன் பக்கத்தில் பெட்டியை மாட்டினால், செல்லுக்கு வரும் அழைப்பு மூன்று வீட்டுப் போன்களிலும் அடிக்கும். அவற்றை எடுத்துச் செல் வழியாகவே யாரோடும் பேசலாம். மாட்ட வந்த கடைக்காரர், “இனிமே உங்க செல்லும் வீடும் ஒண்ணுதான் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நாக்கில் என்ன இருந்ததோ.

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. டாக்டரம்மா கூப்பிட்டார், பிளம்பர் ஹால் போனை எடுத்து வழக்கமானதைச் சொன்னார், காபித்தூள் வாங்கலாம் என்று கதவைத் திறந்தார், எதிரே பல் படம் போட்ட போர்டு. கதவைச் சாத்தினார். திறந்தார். பல் அங்கேயேதான் இருந்தது. வேறு வழி தெரியாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைச் சரி செய்தார். சொன்ன நேரத்துக்கு வந்த பிளம்பரைப் பார்த்த டாக்டரம்மா, நோயாளியின் வாயில் வைத்த கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு மணி பார்த்தார்.

சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்தபோது, வீடு இருந்த இடத்தில் ஒரு தண்ணீர் மீட்டரும், கழிவுக் குழாயின் வாயும், துணிக்கொடியின் ஒரு கம்பமும் இருந்தன. செல்லில் கூப்பிட்டார்.

“ஏங்க, எங்க இருக்கீங்க?”

“வீட்லதான்.”

“வீடு எங்க இருக்கு?”

பிளம்பர் ஜன்னலை எட்டிப் பார்த்தார். அதற்குள் இன்னும் இரண்டு பேர் கூப்பிட்டிருந்தார்கள். “தெரியலையே” என்றார். அவர் வாழ்நாளில் போனில் சொன்ன முதல் உண்மைகள் அந்த இரண்டும்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்த வீடு ஓரிடத்தில் நிற்கவில்லை. சந்தைக்குப் பின்னால் நின்றது, பள்ளிக்கூட மைதானத்தில் கால்பந்துக் கோலுக்கும் கோலுக்கும் நடுவே நின்றது, நீதிமன்ற வாசலில் ஒரு மதியம் நிற்க, வக்கீல்கள் அதன் நிழலுக்கு ஒதுங்கினார்கள். தபால்காரர் அந்தப் பன்னிரண்டாம் நம்பர் வீட்டைத் தேடித் தேடி, கடைசியில் கடிதங்களைப் பிளம்பரின் தொழில் சகாக்களிடம் கொடுத்துவிட்டு, ‘எங்க பார்த்தாலும் குடுங்க’ என்று சொல்லிப் பழகிக்கொண்டார். தொழிலோ ஓகோ என்று நடந்தது. சொன்ன சொல் தவறாத மனுஷன் என்று ஊர் பேசியது. பிளம்பருக்கு வீடு நகர்வது பெரிய குழப்பமாகப் படவில்லை. காலம் கெட்டுக் கிடக்கிறது, எதுவும் நகரும். அவரைக் குழப்பியது குழாய். மீட்டர் அங்கே, வீடு இங்கே, நடுவில் ஒரு முழம் பைப் கிடையாது, ஆனாலும் திறந்தால் தண்ணீர் வருகிறது. மூன்று நாள் டார்ச் அடித்துக்கொண்டு தரைக்கடியில் தேடினார். தொழில் கற்ற காலத்திலிருந்து நம்பிய எல்லாம் பொய்யோ என்று அடுப்படிக் குழாயையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் போன் அடிக்கும், எடுப்பார், “இதோ உங்க பக்கத்துலதான்” என்பார், ஜன்னலில் வெளிச்சம் மாறும்.

மனைவிக்குத்தான் முடியவில்லை. தினமும் அலுவலகம் விட்டு, கையில் காய்கறிப் பையோடு, சொந்த வீட்டை ஊரெல்லாம் விசாரித்து அலைந்தார். ஒரு மழை நாளில் மூன்று தெருவில் வீட்டின் பின்பக்கத்தை மட்டும் பார்த்தார். கிட்டே போவதற்குள் ஒவ்வொரு முறையும் வேறு யாருக்கோ குழாய் ஒழுகியது. நாலாவது தெருவில் நனைந்த பையைக் கீழே வைத்துவிட்டுச் செல்லை எடுத்து, “நாலெல்லை சொல்ல முடியாத வீட்டுல என்னால குடித்தனம் பண்ண முடியாதுங்க. அண்ணன் வீட்டுக்குப் போறேன்” என்றார். அண்ணன் வீடு ஆற்றுக்கு அக்கரையில், பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

பிளம்பர் ஒன்பது நாள் தாங்கினார். மூன்று போனும் அடித்துக்கொண்டே இருந்தன, அவர் எடுக்கவில்லை. வீடு அசையாமல் ஒரு மரக்கடைக்கும் ஒரு சைக்கிள் கடைக்கும் நடுவே நின்றது. பேச ஆளில்லாத வீட்டில் தண்ணீர் மட்டும், எங்கிருந்து என்று தெரியாமல், வந்துகொண்டே இருந்தது. பத்தாம் நாள் காலை படுக்கையறைப் போனிலிருந்து மனைவியைக் கூப்பிட்டார். கெஞ்ச வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் மனைவி எடுத்ததும் கேட்டது, “எங்க இருக்கீங்க?” அவ்வளவுதான், இருமல் வந்துவிட்டது.

“வந்துட்டே இருக்கேன்மா, பாலத்துக்கிட்ட.”

டம்ளர் தண்ணீர் சாய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆறு. வீடு பாலத்தின் நட்டநடுவே நிற்க, இரண்டு பக்கமும் லாரிகள் ஹாரன் அடித்தன. ஒரு டிரைவர் இறங்கி வந்து கதவைத் தட்டி, ‘யோவ், வீட்டை ஓரமா நிறுத்தத் தெரியாதா’ என்று கத்தினார்.

போனில் ஹாரன் சத்தத்தைக் கேட்ட மனைவி, அவர் சொன்னதை மறுபடி ஒருமுறை மனதுக்குள் தட்டச்சு செய்து பார்த்தார். பத்திரத்தில் பிழை தேடும்போது அவர் செய்வது அதுதான். பிறகு, “ஏங்க, நிஜமாவே பாலத்துலயா இருக்கீங்க?” என்றார்.

“நிஜமாத்தான். எனக்கு ஒண்ணும் புரியலம்மா. சொல்லும்போது அங்கதான் இருந்தேன், சொன்னதும் இங்க இருக்கேன்.”

“புரிஞ்சிடுச்சு. செல்லுல என்ன வேணா புளுகலாம். வீட்டுப் போனுக்குப் புளுகத் தெரியாது. அது வீட்லதான் இருக்கும். நீங்க எங்க இருக்கேன்னு சொல்றீங்களோ, வீடு அங்க வந்துதானே ஆகணும்.”

பிளம்பர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, ஒரு வருஷமாகத் தேடிய ஓட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“இப்ப நான் சொல்றதைச் சொல்லுங்க” என்றார் மனைவி. “எங்க அண்ணன் வீட்டு வாசல்ல நிக்கறேன்னு சொல்லுங்க.”

“அது பொய்யாச்சே” என்றார் பிளம்பர்.

“பதினெட்டு வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எனக்காக ஒண்ணு சொல்லுங்க.”

பிளம்பர் தொண்டையைச் செருமினார். முதன்முறையாக, பொய் என்று தெரிந்தே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். ஜன்னலில் ஆறு போய், மச்சானின் வீட்டு மதில் வந்தது. வாசலில் மனைவி செல்லைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். அழைப்பைத் துண்டிக்காமலே உள்ளே வந்தார், படியில் செருப்பை விட்டார், நேரே குளியலறைக்குப் போய்ப் பெட்டியைக் கழற்றினார். மச்சான் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து, தன் காலி மனையில் நின்ற வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வந்ததுதான் வந்தீங்க மாப்ள, கொஞ்சம் தள்ளி நின்னிருக்கக் கூடாதா, வண்டி எப்படி எடுக்கிறது” என்றார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே மனைவி தன் கையால் பத்திரம் அடித்தார். கிழக்கே அண்ணன் வீடு, மேற்கே தென்னை ஒன்று, வடக்கே வாய்க்கால், தெற்கே ரோடு. பெட்டியைப் பத்திரத்தோடு சேர்த்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். வீடு இன்றுவரை அங்கேயே நிற்கிறது. தண்ணீர் இணைப்பு இன்னும் கொடுக்கவில்லை. குழாயைத் திறந்தால் வருகிறது.

இவ்வளவும், இருபது வருஷமாக அதே ஊரில் இருந்தும் இதில் ஒன்றையும் கேள்விப்பட்டிராத பல் டாக்டரம்மாவிடம், பதினோரு நாளாக வாஷ்பேசின் ஒழுகுகிறதே, ஏன் வரவில்லை என்று அவர் கேட்டபோது பிளம்பர் போனில் சொன்னது. சொல்லி முடித்து, இப்போது உங்கள் தெரு முனையில்தான் இருக்கிறேன், அஞ்சு நிமிஷம் என்றார். டாக்டரம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தார். முனையில் நாலு ஸ்கூட்டர்கள் நின்றன.