புளி போட்டுத் தேய்த்த முகம்

முதலில் போனது இடது கண். முனிகிருஷ்ணன் கையிலிருந்த துணியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. புகைக்கரி என்று நினைத்து இன்னொரு தேய் தேய்த்தான். மூக்கும் போனது. மூன்றாவது தேய்ப்பில்தான் உறைத்தது, தான் துடைத்துக்கொண்டிருப்பது அழுக்கை இல்லை, பத்மாவதித் தாயாரின் முகத்தை என்று.

சாரத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். எதிரே வெறும் சந்தன நிறக் கண்ணாடி. சுற்றிலும் கொண்டை இருக்கிறது, மாலை இருக்கிறது, பச்சைப் புடவை இருக்கிறது. நடுவில் முகம் இருந்த இடத்தில் வெயில் மட்டும் வந்துகொண்டிருந்தது.

திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், சத்தியவேடு ஆந்திரா பக்கம் வந்த வருஷம் அது. திருப்பதியில் ரயிலடிக்குப் பக்கத்தில் நகரி ஜவுளிக்காரர் ஒருவர் கல்யாணச் சத்திரம் கட்டினார். கிழக்குச் சுவரில் ரெண்டு ஆள் உசரத்துக்கு ஒரு ஜன்னல். அது முழுக்க வண்ணக் கண்ணாடி. சின்னச் சின்னதாக வெட்டிய துண்டுகளை ஈயப் பட்டையில் கோர்த்து, நாராயணவனத்தில் நடந்த பெருமாள் கல்யாணத்தை அதில் நிறுத்தியிருந்தார்கள். கீழே யானைகள், நடுவில் வாழைமரம், மேலே மாப்பிள்ளையும் பொண்ணும்.

முனிகிருஷ்ணனுக்கு ஊர் நாராயணவனம்தான். எட்டு மாசமாக அந்தச் சத்திரத்தில் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவன். ஜன்னல் வந்து நின்றதிலிருந்து, "எங்க ஊர் பொண்ணு, ஆகாசராஜன் மவ" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். காலையில் வெயில் ஏறினால் தரையில் பச்சையும் சிவப்புமாக விழும். ஆட்கள் களி துன்ன அங்கேதான் உட்காருவார்கள். "இன்னிக்கு எனக்குச் செவப்பு மோரு, ஒனக்குப் பச்சை மோரு" என்று சித்தாள் செல்லியம்மா பங்கு பிரிப்பாள்.

வெள்ளிக்கிழமை முதல் கல்யாணம். ஆறு நாள்தான் இருந்தது. வெள்ளை அடித்தபோது தெறித்த சுண்ணாம்பு கண்ணாடியெல்லாம் பொட்டுப் பொட்டாகக் காய்ந்து கிடந்தது. தண்ணீர் விட்டுத் துடைத்தும் அது போகவில்லை. சுண்ணாம்புக் கறைக்குப் புளிதான் மருந்து என்பது யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. குத்துவிளக்கு முதல் கோயில் திருவாசி வரை புளி போட்டுத் தேய்த்த கை அது. ஊறவைத்த புளியை எடுத்துக்கொண்டு கீழே யானையிலிருந்து தேய்த்துக்கொண்டே மேலே வந்தான். எல்லாம் பளபளத்தது. பொண்ணு முகத்துக்கு வந்தபோது இப்படி ஆனது.

கீழேயிருந்து செல்லியம்மா கூப்பிட்டாள். "இன்னா நைனா, மேலயே குந்திக்கினு கீற? மயக்கமா?"

"செல்லியம்மா, தோ பாரு" என்றான். துணியால் கண்ணாடியைக் காட்டினான்.

அவள் கண்ணுக்குக் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள். "மாப்ள கீறாரு. பொண்ணு எங்கயா?" என்று சிரிக்க வாயெடுத்தவள், அதே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ! இன்னா வேலை பண்ணிக்கினு வந்து நிக்கற!"

சத்திரத்து ஏஜெண்ட் வெங்கடரமணன் ஓடி வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் தெலுங்கும் தமிழும் முட்டிக்கொண்டு வரும். "ஒரேய், ஏம் சேசாவுரா? என்னடா செஞ்சே? ஆறு நாள்ல கல்யாணம்டா! முதலாளி வந்து கேட்டா நான் எந்த மூஞ்சிய காட்டுவேன்?"

"புளி போட்டுத் தேய்ச்சேன் சாமி. வேற ஒண்ணும் பண்ணல."

ஏஜெண்ட் அவனைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டு, மேசைக்குப் போய் ஒரு காகிதத்தில் தெலுங்கில் மடமடவென்று எழுதினார். "சந்தகம் பெட்டு. கையெழுத்துப் போடு."

"இன்னா எழுதிக்கீது சாமி?"

"நீ செஞ்சதுதான். சொன்ன பேச்சைக் கேக்காம, அஜாக்கிரதையா நீயே கெடுத்தேன்னு."

அப்படித் தேய்க்காதே என்று யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் முனிகிருஷ்ணன் குனிந்து தன் கையைப் பார்த்தான். முகத்தை அழித்த கை தன் கைதானே. அந்தக் காகிதம் முதலாளியிடம் போனால் மேஸ்திரிகள் எல்லார் காதுக்கும் போகும். கண்ணாடித் தாயாரை அழித்தவன் என்று பேர் விழுந்தால், திருப்பதியில் ஒரு கூடை மண் சுமக்கவும் யாரும் கூப்பிடமாட்டார்கள். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

இன்னொன்றும் மனசை அறுத்தது. நாற்பத்தி நாலு வயசு வரை அவன் கைநாட்டுதான். ரெண்டு வருஷமாக வேலை முடிந்து சாயங்காலப் பள்ளிக்குப் போய்த் தமிழ் எழுத்துக் கற்றிருந்தான். மணலில் குச்சியால், சுவரில் கரியால், தன் பேரை எத்தனை தடவை எழுதிப் பார்த்திருப்பான்! ஒரு காகிதத்தில் போட வேளை வந்ததில்லை. வந்தது இதற்குத்தான்.

"இரு, இப்பப் போடாதே. கண்ணாடி மேஸ்திரி வரட்டும். சாட்சிக்கு அவரும் போடணும்" என்றார் ஏஜெண்ட்.

கண்ணாடி மேஸ்திரி செங்கல்வராயனுக்கு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டகை. மெட்ராசில் மாதா கோயில் ஜன்னல்கள் செய்கிற பட்டறையில் இருபது வருஷம் இருந்தவர். பெண்டாட்டி ஊர் என்று திருப்பதிக்கு வந்து சொந்தமாகச் சூளை போட்டிருந்தார். விரல் நுனியெல்லாம் சுட்ட வடு. கூப்பிட ஆள் போன அரை மணியில் வந்துவிட்டார். நேராகச் சாரத்தில் ஏறினார். முகம் போன கண்ணாடியில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மிச்சமிருந்த கறுப்புக் கோடு தூளாக உதிர்ந்தது.

"புளி மிச்சம் கீதா?"

முனிகிருஷ்ணன் பின்னாலேயே ஏறிச் சட்டியை நீட்டினான். செங்கல்வராயன் ஒரு உருண்டை எடுத்து மாப்பிள்ளை முகத்தில் வைத்துப் பலம் கொண்ட மட்டும் தேய்த்தார். கீழே நின்றவர்கள் "ஐயோ" என்றார்கள். துடைத்தார். பெருமாள் அப்படியே இருந்தார். நாமம்கூடக் கலையவில்லை. புரோகிதரைத் தேய்த்தார், யானையைத் தேய்த்தார். எதுவும் அசையவில்லை. இறங்கி வந்தார்.

"எல்லாத்தையும் இதே புளியிலதான் தேய்ச்சியா?"

"ஆமா மேஸ்திரி. கீழேர்ந்து தேய்ச்சிக்கினே வந்தேன்."

"வேற எதுனா போச்சா?"

"இல்ல மேஸ்திரி."

"அப்ப இது நீ அழிச்சதில்ல. நான் வேகவிடாதது."

ஏஜெண்டுக்குப் புரியவில்லை. செங்கல்வராயன் அவர் பக்கம் திரும்பினார். "இந்த மையில இரும்புப் பொடியும் கண்ணாடிப் பொடியும் கீது. பிசின்ல கொழைச்சு முகம் எழுதறோம். அப்புறம் சூளையில வச்சா, மையும் கண்ணாடியும் உருகி ஒண்ணாப் பூடும். அப்புறம் புளியில்ல, எதப் போட்டாலும் போவாது. பொண்ணு முகம்தான் கடைசித் தட்டுல வெந்துது. அந்த வாரம் புது எல்லையில செக்போஸ்ட் போட்டு விறகு லாரிய மூணு நாள் நிறுத்திட்டாங்க. இருந்த விறகுல எரிச்சு எடுத்துட்டேன். கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துது. அரைவேக்காடுன்னு என் மனசுக்குத் தெரியும். உசரத்துல கீது, எவன் தொடப்போறான்னு விட்டுட்டேன்."

ஏஜெண்ட் அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "நீ ஏன்யா தலைய குடுக்கற? சித்தூர் பங்களாவுக்கு ஏழு ஜன்னல். உனக்குத்தான்னு முதலாளி சொல்லிக்கினு கீறார். கூலியாளு ஒரு சந்தகம் போட்டா முடிஞ்சுது."

"அவன் கைய எடுத்து என் தப்ப மூடச் சொல்றீங்களா? இவன் தேய்ச்சது நல்லதாப் போச்சு. ரெண்டு மழை ஈரத்துக்குத் தானா உதிர்ந்திருக்கும். கல்யாணத்தன்னிக்கு உதிர்ந்திருந்தா?"

"தாலி கட்டற நேரத்துல பொண்ணு மூஞ்சி உதிர்ந்தா, கீழ குந்திக்கினு கீற மாப்ள மணையிலேர்ந்தே ஓடிப்பூடுவான் சாமி" என்றாள் செல்லியம்மா. ஏஜெண்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செங்கல்வராயன் காகிதத்தை வாங்கினார். எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்தார். கீழே நாலு வரி தெலுங்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு முனிகிருஷ்ணனுக்காகத் தமிழில் படித்தார். "பொண்ணின் முகம் சரியாக வேகாதது என் குற்றம். தேய்த்தவன் மேல் குற்றம் இல்லை. புதன்கிழமைக்குள் வேறு முகம் செய்து தருகிறேன்."

முனிகிருஷ்ணன் அங்கேயே நின்றான். சுவர் கோணினால் கல் எடுத்துக் கொடுத்தவன் மேல் பழி, தளம் ஒழுகினால் சுண்ணாம்பு அரைத்தவள் மேல் பழி. அவன் வேலை செய்த இடத்திலெல்லாம் பழி மேலேயிருந்து கீழேதான் இறங்கும், மழைத் தண்ணி மாதிரி. ஒரு ஆள் குனிந்து அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தான். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. புளிச் சட்டியைக் கழுவப் போய்விட்டான்.

மறுநாள் ஞாயிறு. விடிவதற்கு முன்பே பஸ் பிடித்து ஊருக்குப் போனான். பங்காளி தோப்பில் வெட்டிக் காயப்போட்டிருந்த விறகைக் கேட்டு, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். திங்கட்கிழமை பொழுது புலர வண்டி கொட்டகை வாசலில் நின்றது.

செங்கல்வராயன் வெளியே வந்து பார்த்தார். "இன்னாபா இது?"

"எங்க ஊர் விறகு மேஸ்திரி. இந்த வழியில செக்போஸ்ட் கெடையாது." கொஞ்சம் தயங்கி, "பொண்ணு வூட்டு சீருன்னு வச்சிக்கங்க" என்றான்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து புது முகத்தை எழுதி முடித்திருந்தார். உள்ளங்கை அகலம்கூட இல்லை. அதற்குள் கண், மூக்கு, நாணம் எல்லாம் இருந்தது. அதைச் சூளைக்குள் வைத்தார். முனிகிருஷ்ணன் விறகு தள்ளினான். அவர் ஓட்டை வழியாகப் பார்த்துப் பார்த்து "இன்னும்" என்றார். உச்சி வெயில் வரை "இன்னும்" என்றுதான் சொன்னார். கண்ணாடி உள்ளே பழுத்துச் செக்கச்செவேல் என்று ஆனபிறகுதான் "போதும்" என்றார். செவ்வாய் முழுக்கச் சூளை தானாக ஆறவேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் விரிசல் விட்டுவிடும்.

புதன் காலையில் வேலைக்கு வந்த முனிகிருஷ்ணனிடம் ஏஜெண்ட் சொன்னார், சித்தூர் பங்களா வேலை மெட்ராஸ்காரன் ஒருத்தனுக்குப் போய்விட்டதாம். முனிகிருஷ்ணன் கொட்டகைக்கு ஓடினான். வாசலில் நின்று, சொல்வதா வேண்டாமா என்று முழித்தான்.

"சித்தூரு சமாச்சாரமா? நேத்தே ஆள் அனுப்பிச் சொல்லிட்டாங்க. நின்னுக்கினு இருக்காத. கதவைத் திற."

சூளைக் கதவைத் திறந்தார்கள். சாம்பல் வாசனை வந்தது. செங்கல்வராயன் முகத்தை எடுத்து ஈரத்துணியில் துடைத்து, மரப்பலகை மேல் வைத்தார். பக்கத்தில் ஒரு சட்டியில் புளி ஊறிக்கொண்டிருந்தது.

"தேய்."

"நானா?"

"நீதான். உன் கையில போனது, உன் கையிலயே நிக்கட்டும்."

முனிகிருஷ்ணன் புளியை எடுத்துத் தொட்டும் தொடாமலும் தடவினான்.

"கொழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிறியா? சாரத்து மேல எப்படித் தேய்ச்சியோ அப்படித் தேய்."

கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தான். சக்கை விரலிடுக்கில் வழிந்தது. தோள் வலிக்கிற வரை தேய்த்தான். பிறகு துணியைப் பார்த்தான். புளியின் நிறம் மட்டும்தான் இருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். பொண்ணு முன்னே எப்படிப் பார்த்தாளோ அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். முனிகிருஷ்ணனுக்குக் கண் கலங்கியது. புளிக் கையால் துடைத்துக்கொண்டதில் அது வேறு எரிந்தது.

செங்கல்வராயன் ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்தார். ஒவ்வொரு தடவை சூளை வைக்கும்போதும் என்ன வைத்தார், எவ்வளவு நேரம் எரித்தார், எப்படி வந்தது என்று அதில் எழுதிவைப்பார். அன்றைக்கான வரியில் பாதி எழுதியிருந்தது: "நாராயணவனத்து விறகு. பொண்ணு முகம்." பென்சிலை முனிகிருஷ்ணனிடம் நீட்டினார். "மீதிய நீ எழுது. நீதானே தேய்ச்சே."

முனிகிருஷ்ணன் கையைக் கழுவினான். வேட்டியில் துடைத்தான். மறுபடி கழுவினான். பலகை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாரத்தில் ஏறுகிறவன் மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் காலூன்றி எழுதினான்.

"புளி போட்டு தேச்சேன். போகல. முனிகிருஷ்ணன்."

அவர் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். மறுநாள் ஈயப் பட்டையை நெகிழ்த்தி முகத்தைப் பொருத்த வேண்டும், அதற்குக் கத்தி தீட்ட ஆரம்பித்தார். முனிகிருஷ்ணன் எழுந்திருக்கவில்லை. நாலு நாளாகச் சொல்ல நினைத்தது இன்னும் பாக்கி இருந்தது. கடைசியில் தூக்குச்சட்டியை முன்னால் நகர்த்தினான்.

"களி கொணாந்துக்கிறேன் மேஸ்திரி. ஊர்ல அரைச்ச கேவுரு. துன்றீங்களா?"

செங்கல்வராயன் கத்தியைக் கீழே வைத்தார்.

"துன்னாம?"