மாமனார் மறுபடியும் வந்த கிறிஸ்மஸ்

கரியில் தேங்காயெண்ணெய் குழைத்து மீசை வரைந்துகொண்டிருந்தேன். துரைராஜ் தட்டியை விலக்கி எட்டிப் பார்த்தான். நாடகத்தில் மருமகன் வேஷம் அவனுக்கு.

“அண்ணே, அண்ணி வந்தாச்சு. கூட ஒரு பெரியவரும் வந்திருக்காரு. முன்வரிசையிலயே உக்கார வச்சிட்டேன்.”

திரை ஓட்டை வழியாகப் பார்த்தேன். என் மனைவி மாணிக்கம்மாளுக்குப் பக்கத்தில், நாற்காலியின் நுனியில், மடியில் பனங்கிழங்குக் கட்டோடு என் அப்பா சாமிக்கண்ணு உட்கார்ந்திருந்தார். பண்டிகை முடிந்து வா, அப்போதுதான் எனக்கு லீவு என்று குறிஞ்சிப்பாடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குச் சொல்லியனுப்பியிருந்தேன். பொய்தான். இன்றைக்கு அவர் இந்தக் கொட்டகையில் இருக்கக்கூடாது என்பதற்காகவே சொன்ன பொய். அப்படியும் வந்து நின்றிருக்கிறார், வீட்டில் தனியாக விட்டுவர மாணிக்கம்மாளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

சுரங்கத்துக்கு எங்கள் ஊரை எடுத்தபோது அப்பா தங்கையோடு போய்விட்டார். எனக்கு அந்தச் சுரங்கத்திலேயே வேலை பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸும் கிடைத்தது. அப்பா ஆயுசு முழுக்க ஒரு பண்ணை வீட்டில் உழைத்தவர். எங்கள் ஆட்கள் அந்த வீட்டு வாசலுக்குப் போக முடியாது. சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், குரல் கொடுத்துவிட்டு நிற்கவேண்டும். யாராவது வரும்வரை நிற்கவேண்டும். என் குவார்ட்டர்ஸுக்கும் அவர் அப்படியேதான் வந்தார். “முன்னால வாப்பா, இது நம்ம வூடு” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! “செரி, செரி” என்பார். அடுத்த தடவையும் பின்கதவுக்கு வெளியே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறக்கும். எனக்கு மானம் போகும்.

அந்தக் கோபத்தைத்தான் போன கிறிஸ்மஸுக்கு ‘மாமனார் வந்த கிறிஸ்மஸ்’ என்று நாடகமாக எழுதினேன். பட்டிக்காட்டு மாமனார் மருமகனின் குவார்ட்டர்ஸுக்கு வருகிறார். மருமகன் முன்கதவில் நின்று கூப்பிடுகிறான், அவரோ வீட்டைச் சுற்றிப் பின்னால் ஓடுகிறார். இவன் பின்னால் வந்தால் அவர் அங்கே கைகட்டி நிற்கிறார். அவ்வளவுதான் கதை. மாமனார் நானே. அப்பாவின் நடையும் இருமலும் எனக்குப் பாடம்தானே! மாதா கோயில் கொட்டகை குலுங்கியது. எல்லா ஜில்லாக்காரர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்டவர்களிடம் கற்பனை என்று சொன்னேன். அதற்கப்புறம் கேன்டீனில் எனக்கு ராயப்பன் என்ற பேரே போய், “வாங்க மாமனாரே” என்றாகிவிட்டது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

இந்த வருஷம் இரண்டாம் பாகம் வேண்டும், போன வருஷத்தைவிடப் பிரமாதமாக இருக்கவேண்டும் என்று நெருக்கினார்கள். என்னிடம் கற்பனை ஏது? அப்பாதான் இருந்தார். ஆகஸ்டில் ஒருநாள் நான் ஷிப்டில் இருந்தேன். மாணிக்கம்மாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அப்பா வந்தவர், காலை பத்திலிருந்து சாயங்காலம் நாலுவரை கொல்லையில் துவைக்கிற கல்மேல் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். முன்கதவு பூட்டக்கூட இல்லை, சும்மா சாத்தித்தான் கிடந்தது. இதைச் சொல்லும்போது மாணிக்கம்மாள் அழுதாள். நான் காகிதம் எடுத்தேன்.

“இதையுமா எழுதப் போறீங்க? மாமா பாத்தா?”

“அவரு எங்க வரப்போறாரு.”

மணி ஐந்தடித்தது. திரை விலகியது. நான் தலையில் மூட்டையோடு மேடைக்கு வந்து, வாசலைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். போன வருஷத்துச் சிரிப்பு அப்படியே திரும்பி வந்தது. கல்மேல் உட்கார்ந்தேன். முகத்தைத் துடைத்தேன். மூடிய கதவைப் பார்த்து, “சாமி, வந்துட்டேன் சாமி… வந்து குந்திகினு இருக்கேன் சாமி” என்றேன். அப்போது என் கண் கீழே போனது.

அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பக்கமும் திரும்பினார். எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவரும் சிரித்தார், மற்றவர்கள் சிரித்து ஓய்கிற நேரத்தில். மடியிலிருந்த கட்டை மட்டும் மெல்லக் கீழே இறக்கி, நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

எனக்கு வசனம் மறந்துபோனது. மருமகன் வேஷத்திலேயே துரைராஜ் பக்கத்தில் வந்து அடிக்குரலில் எடுத்துக் கொடுத்தான். எழுந்து மேடையின் முன்கதவு வழியாக நடந்துபோயிருக்கலாம். நாடகம் கெட்டாலும் போகட்டும் என்று விட்டிருக்கலாம். நான் செய்யவில்லை. இருமினேன். போன வருஷத்தைவிட நன்றாகவே இருமினேன். நாடகத்து வாட்ச்மேன் என்னைத் திருடன் என்று பிடிக்கும்போது, கைகூப்பி, அப்பா நிற்கிற மாதிரியே நின்றேன். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. எனக்கு இப்போதும் அந்தக் கைதட்டல் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அதுதான் வெட்கம்.

நாடகம் முடிந்து, மாணிக்கம்மாள் குழந்தையோடு பின்னால் வர, நானும் அப்பாவும் முன்னால் நடந்தோம். என் மீசைக் கரி சரியாகப் போகவில்லை. பனங்கிழங்குக் கட்டை அவர் கக்கத்தில் இடுக்கியிருந்தார். எங்கள் பிளாக் வந்தது.

“நல்லா செஞ்சப்பா” என்றார் அப்பா. “போன வருசமும் செஞ்சியாமே. பக்கத்துல இருந்தவரு சொன்னாரு.”

“அது சும்மா, வெளையாட்டுக்கு…”

“அந்த மனுசன் கல்லு மேல அம்மாம் நேரம் குந்திகினு இருந்தானே, யாராச்சும் உள்ள கூப்ட்டிருக்கலாம். பாவம்.”

என்னால் அவர் பக்கம் திரும்ப முடியவில்லை. வாசலில் பூட்டைத் திறந்ததும், விளக்கைக்கூடப் போடாமல் உள்ளே ஓடினேன். அவர் வழக்கம்போல் சுற்றிக்கொண்டு போயிருப்பார், இனி ஒரு நிமிஷம்கூட கொல்லையில் காத்து நிற்கக்கூடாது என்பதுதான் மனசில் இருந்தது. சமையலறையைத் தாண்டி, பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்து, இரண்டு கதவையும் அகலத் திறந்தேன்.

யாரும் இல்லை. கல் மட்டும் கிடந்தது.

எனக்குப் பின்னால், முன்னறையில், பனங்கிழங்குக் கட்டைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்த இருமல். “இப்புடி வந்துட்டேன்பா” என்றார் அப்பா, இருட்டில். “செரிதானே?”

தாழ்ப்பாளில் இருந்து என் கை வரவில்லை.