ஆறு சந்திப்புகள்

தேர்வுக்குழு உட்கார்ந்திருந்த அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்களா, நான்கு பேரா என்பது இப்போது சரியாக நினைவில் இல்லை. மின்விசிறி ஓடியதா என்பதும் சந்தேகம்தான். அவளையே கேட்டாலும் ஒருமுறை மூன்று என்பாள், மறுமுறை நான்கு என்பாள். படிவத்தில் ஆறு கட்டங்கள் இருந்தன என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையில் அவள் ஒன்பது வருடமாக உதவிப் பேராசிரியை. இணைப் பேராசிரியர் ஆவதற்கு அந்த ஆண்டு ஒரு புதிய விதி வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த வழிகாட்டி. வருடத்தில் ஆறு சந்திப்பு. தேதி, பேசிய விஷயம், இருவர் கையெழுத்து. அவளுக்கு வாய்த்தவர் துறைத்தலைவர். அவர் யாருக்கும் வழிகாட்டாதவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தினமும் காலை ஆறரைக்கு ஷட்டில் மைதானத்தில் வழிகாட்டினார். எந்த மாநாட்டுக்கு யார் போவது, எந்தக் கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்பதெல்லாம் வலைக்கு இரண்டு பக்கமும் நின்று வியர்வை துடைப்பதற்குள் முடிவாகிவிடும். அவளுக்கு அந்த வருடத்தின் முதல் மாதங்கள் வயிற்றில் பிள்ளை, மீதி மாதங்கள் இடுப்பில் பிள்ளை. அவளுக்குக் கிடைத்தது லிஃப்ட் வாசலில் ஒரே ஒரு வாக்கியம். "எல்லாம் நல்லா போகுதாம்மா?" கதவு மூடுவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும்.

"இதுக்குப் போய் மண்டைய உடைச்சுக்கிறீங்களே மேடம்," என்றார் அலுவலக எழுத்தர். "தலைவரோட தினமும் காலைல ஆடுறாரே, அந்த ஷட்டில் டாக்டரப் பாருங்க. ஆறு கையெழுத்தும் ஒரே நாள்ல வாங்கினாரு. நீலம், கறுப்பு, பச்சைன்னு மூணு பேனா. அவ்வளவு சுத்தம்!"

அவள் சிரித்தாள். வீட்டுக்குப் போய்ப் படிவத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். தன்னை யாரும் வளர்க்கவில்லையா என்று யோசித்தால் அதுவும் பொய்யாக இருந்தது. ஆய்வகத்து டெக்னீஷியன் அக்கா, ஒரு திசுத்துண்டைக் காட்டி, "டாக்டரம்மா, இது நோய் இல்ல, சீவுறதுக்கு முன்னாடி மெழுகுல தலைகீழா வச்சுட்டாங்க" என்று சொல்லியிராவிட்டால், ஒரு நோயாளியின் அறிக்கையைத் தவறாக எழுதியிருப்பாள். பக்கத்துக் கட்டிடத்துப் புள்ளியியல் வாத்தியார் அவளுடைய இருநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளின் அட்டவணையைப் பார்த்து, "அழகா இருக்கு. ஆனா மொத்தமும் தப்பு" என்றார், பிறகு நான்கு வாரம் உட்கார்ந்து திருத்த உதவினார். வேறு ஊர்க் கல்லூரியில் மயக்க மருத்துவம் கற்பிக்கும் தோழி, "எருமை, முதல் ரெண்டு பத்தியையும் வெட்டுடி, யாருக்கு வேணும் உன் பூர்வ கதை" என்று தொலைபேசியில் திட்டித் திட்டியே அவளுடைய முதல் கட்டுரையை அச்சுக்கு அனுப்ப வைத்தாள். ஆறு கட்டங்களிலும் ஆளுக்கு இரண்டாக அவர்களை எழுதினாள். உண்மையான தேதி, உண்மையான பேச்சு, அவரவர் கையெழுத்து. தோழி தன் கையெழுத்தைத் தபாலில் அனுப்பினாள்.

தேர்வுக்குழு அறையில் படிவத்தை எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"டெக்னீஷியன் உங்களுக்கு வழிகாட்டியா? நாளைக்கு லிஃப்ட் ஓட்டுறவரையும் எழுதுவீங்களோ?" என்றார் குழுத்தலைவர். சிரிப்பு எழுந்தது.

"அவங்க கத்துக்குடுத்ததை நீங்க யாராவது கத்துக்குடுத்திருந்தா உங்க பேரை எழுதியிருப்பேன் சார்."

சிரிப்பு நின்றது. குழுவில் உட்கார்ந்திருந்த துறைத்தலைவர் கோபப்படவில்லை. பெண்ணுக்கு வரன் பார்த்து வைத்த அப்பாவைப் போலக் கனிவாக இன்னொரு படிவத்தை மேசைமேல் நகர்த்தினார். ஆறு கட்டங்களும் நிரம்பியிருந்தன. அவருடைய கையெழுத்தும் இருந்தது.

"என் கதவு எப்பவும் திறந்துதான்மா இருந்துச்சு. சரி, போனது போகட்டும். கையெழுத்துப் போடு, இன்னிக்கே முடிச்சுடலாம்."

அவள் வாசித்தாள். மூன்றாவது கட்டம்: மார்ச் பதினான்கு, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் முறை குறித்து விரிவான ஆலோசனை. அன்று காலை பத்து முதல் பன்னிரண்டு வரை இதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் பிரசவ மேசையில் கிடந்து அவள் அலறிக்கொண்டிருந்தாள். பதினொன்று நாற்பதுக்கு மகள் பிறந்தாள். விடுப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் இதே மனிதர்.

"அன்னிக்கு எனக்குப் பிரசவம் சார்."

"தேதிதானே? மாத்திக்கலாம்."

மாற்றிக்கொள்ளலாம். இவருக்குத் தன் பொய்யைக் கவனமாகச் சொல்லும் அளவுக்குக்கூட அவள் பொருட்டில்லை. ஒன்பது வருடத்தில் அவளுக்காக அவர் உட்கார்ந்து எழுதிய ஒரே தாள் இது. அதையும் நாட்காட்டியைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார். யாரோ பேனாவை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. தன் படிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஷட்டில் டாக்டர் அந்த மாதமே இணைப் பேராசிரியர் ஆனார். அவளுக்கு அது கிடைக்க இன்னும் மூன்று வருடம் ஆனது. டெக்னீஷியன் அக்கா ஓய்வுபெற்றுவிட்டார். புள்ளியியல் வாத்தியார் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். தோழி இன்னமும் தொலைபேசியில் திட்டுகிறாள். துறைத்தலைவருக்குச் சிறந்த வழிகாட்டி விருது கொடுத்தார்கள். கருத்தரங்கக் கூடத்தின் வாசலில், அவர் வளர்த்துவிட்ட இருபத்து மூன்று பேரின் பெயர்களைப் பித்தளைத் தகட்டில் பொறித்து மாட்டியிருக்கிறார்கள். பதினோராவது பெயர் அவளுடையது. எடுக்கச் சொல்லி நான்கு கடிதம் எழுதிவிட்டாள். ஐந்தாவதை இன்று காலை அவளே அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். தகட்டை அப்போதுதான் துடைத்திருந்தார்கள்; அவள் பெயரும் பளபளவென்று இருந்தது.