சின்ன ஸ்பீக்கரும் ஒரு தலைவலியும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னது நானல்ல, என் மனைவி. அதற்காக அவளுக்கு நன்றி சொல்ல ஆசை. ஆனால் நேரில் சொல்ல முடியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஒலி என்பது மனித இனத்தின் ஆதி...' ஐயோ, வேண்டாம். நீங்களாவது பிழைத்துப் போங்கள்.

இரண்டாவது: 'மாமாவுக்குக் காது...' (இது பாதியில் நின்ற வாக்கியம். இதில் விரல் வைத்த ஆள் பிறகு வருகிறார்.)

2

வீட்டில் நான், மனைவி, அவளுடைய அப்பா. மாமா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். தரைத்தளத்தில் நின்றபடியே, மேலே என்ன தேய்ந்திருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாராம். காதுதான் அவருடைய கௌரவம். (அந்தக் காது இப்போது மந்தம். எங்களுக்குத் தெரியும், வாயைத் திறப்பதில்லை.)

சாப்பிட்டதும் மூவரும் நகைச்சுவை நாடகம் கேட்போம், பழைய கம்ப்யூட்டரோடு வந்த இரண்டு சின்ன ஸ்பீக்கரில். ஒன்றுக்குச் செலோடேப் ஒட்டு. எல்லாக் குரலும் ஜலதோஷம் பிடித்த மாதிரிதான் வரும். எனக்குப் பொறுக்கவில்லை. இடுப்புயரத்தில் ஒரு ஜோடி வாங்கி வந்து நிறுத்தினேன்.

அடேயப்பா, என்ன சத்தம்! நாடகத்தில் மழை பெய்தபோது நான் ஜன்னலைப் பார்த்தேன். நானும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமாவும் சிரித்தார், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாக. அந்த அதிர்வில் அவருக்குப் பேச்சு பிடிபடவில்லை. மனைவி அதைக் கவனித்துவிட்டாள்.

3

மறுநாள் அவள் மூக்கைத் தேய்த்தபடி சொன்னாள்: "என்னங்க, அந்தப் பெரிய பொட்டி எனக்கு ஒத்துக்கல. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. பழசையே மாட்டுங்க."

"நல்ல சாமானாச்சேம்மா," என்றார் மாமா.

"உங்களுக்கென்னப்பா, இரும்புக் காது. எனக்கு ஆகல."

அவளுக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததே இல்லை.

பழசையே மாட்டினேன். அதில் இடியில்லை, மழையில்லை, வெறும் பேச்சுதான். அன்று மாமா எங்களுக்கு முன்னால் சிரித்தார். தொடையைத் தட்டி, "கேட்டீங்களா மாப்ளே, என்னா போடு போடறான்!" என்றார். அந்த ஒட்டுப்போட்ட ஸ்பீக்கரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

4

மாமாவுக்கு ஒன்றும் தெரியாது, சுபம், என்று இங்கேயே முடிக்க இருந்தேன். ஆனால் மேசையில் கிடந்த தாளை மாமா எடுத்துப் படித்துவிட்டார். 'மாமாவுக்குக் காது' என்ற இடத்தில் விரலை வைத்தார். நான் தாளை வாங்கக் கையை நீட்டினேன்.

"எனக்குத் தெரியாதா மாப்ளே? சின்னப் புள்ளையிலேருந்தே அவ பொய் சொன்னா மூக்கைத் தேய்ப்பா."

"கிழிச்சுப் போட்டுடறேன் மாமா."

"எதுக்கு? எழுதுங்க. ஆனா, எனக்குத் தெரியும்கிறது அவளுக்குத் தெரிய வேணாம். பாவம், எனக்காக இல்லாத தலைவலியைச் சுமக்கறா."

5

இனி நான் எப்படி முடிப்பது? அச்சில் வந்தால் அவள் படித்துவிடுவாள். என் கதைகளைப் படிப்பதே இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறாள், மூக்கைத் தேய்த்தபடி.

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. எங்கள் வீட்டுக்கு வந்தால், பெரிய ஸ்பீக்கர்கள்மேல் மடிக்காத துணி குவிந்திருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். அவளிடம், "தலைவலி இப்ப தேவலையா?" என்று மட்டும் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாக, மாமாவுக்கும் கேட்கிற மாதிரி.